கப்ரியேல் விழுங்கிய வார்த்தைகள்

கப்ரியேலைப் போல ஒரு நல்ல மனுஷனைச் சைகோன் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது என்று தன்தின் மாதாகோவில் பக்கம் குடியிருந்த காரைக்கால்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். யாருக்குப் பிரெஞ்சில் மனு எழுத வேண்டுமானாலும் அவர்தான். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நாற்காலி போடுகிறவரும் அவர்தான். அவர் குரலை உயர்த்திப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. அவருடைய மனைவி இவோனுக்கு இடது புருவத்தின் மேல் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று அவள் சொன்னாள். எல்லாரும் நம்பினார்கள். நம்பிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை அல்லவா.

அது 1955 ஆகஸ்ட் மாதம். பிரெஞ்சுப் பட்டாளம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. வியட்நாமின் வடக்கே தோற்று ஒரு வருடம் ஓடிவிட்டது. ஊரில் காரைக்காலிலும் பாண்டிச்சேரியிலும் போன நவம்பரிலேயே கொடி மாறிவிட்டது. தாத்தா காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையும் பிரெஞ்சுப் பெயரும் எழுதி வாங்கிய குடும்பத்து ஆட்கள், சொல்தா என்ற சிப்பாய்களும் குமாஸ்தாக்களுமாக, பிரான்சில் மார்செய்க்குப் போவதா இந்தியாவுக்குத் திரும்புவதா என்று தெரியாமல் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்கள்.

கப்ரியேலுக்கு இராணுவ மருத்துவமனையில் மனநோய்ப் பிரிவில் வேலை. பட்டாளத்தில் கேப்டனான டாக்டர் பெர்த்தியே கையால் கிறுக்கித் தரும் அறிக்கைகளைக் கார்பன் வைத்து மூன்று பிரதி தட்டச்சு செய்வார். தமிழ்க் குடும்பம் வந்தால் மொழிபெயர்ப்பார். பட்டாளத்தில் குடியாலோ அடிதடியாலோ மாட்டிக்கொண்டவனை, கப்பலுக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பலாமா, வார்டிலேயே வைத்துக்கொள்வதா என்று டாக்டர்தான் முடிவு செய்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஞானம்பாள் வந்தாள். சார்ஜெண்ட் ஜூலின் பெண்சாதி. வலது கையில் மாவுக்கட்டு. அவள் மணிக்கட்டை ஜூல் முறித்த அன்று, பக்கத்து வீட்டு வியட்நாமியப் பெண் ஓடிப்போய் இராணுவப் போலீசைக் கூட்டிவந்துவிட்டாள். பக்கத்தில் தமிழ் வீடு இருந்திருந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். ஒரு வாரமாக ஜூல் வார்டில் இருந்தான்.

ஞானம்பாளுக்குப் பிரெஞ்சு தெரியாது. டாக்டர் கேட்டார், கப்ரியேல் தமிழில் சொன்னார்: "எப்பலேருந்தும்மா அடிக்கிறாரு?"

அவள் கொஞ்ச நேரம் கப்ரியேலையே பார்த்தாள். நம்ம ஊர் முகம். அதில் எதைக் கண்டாளோ, மடை திறந்த மாதிரி பேச ஆரம்பித்துவிட்டாள்.

"கல்யாணமாயி ஒம்பதாம் நாளுண்ணே. காரைக்கால்லயே. சண்டையுமில்ல ஒண்ணுமில்ல அப்ப. மீன்காரங்கிட்ட சிரிச்சுப் பேசுனேனாம். அடிச்சு முடிச்சதும் கால்ல விழுந்து அழுவாரு. பச்சப்புள்ள கெட்டுது போங்க, அப்புடி அழுவாரு. செருப்பு, ரவிக்கத் துணின்னு வாங்கியாந்து குமிப்பாரு. ரெண்டு மாசம் தங்கமா இருப்பாரு. அப்புறம் நான் கடைக்குப் போயிட்டு வர்ற நேரத்த எண்ண ஆரம்பிப்பாரு. ஒன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா, நீ போயிட்டா செத்துருவேங்கிறாரு. போனா கொன்னுருவேங்கிறாரு. ரெண்டும் ஒரே மூச்சுல. ரெண்டும் நெசந்தாண்ணே."

கப்ரியேல் கையிலிருந்த பென்சிலை மேசைமேல் வைத்தார். அவள் நிறுத்தவில்லை.

"வெளியில அவரப் போல சாது கெடையாது. சத்தம் போட்டாக்கூட எனக்குப் பயமில்ல. கொரலு எறங்குச்சுன்னாத்தான். எறங்குனா கையில இருக்கறதக் கீழ வச்சிருவேன். மொகத்த மறைச்சுக்க ரெண்டு கையும் வேணும்ல. இந்தத் தடவ ரெண்டாவது புள்ளையத் தூக்கி வச்சிருந்தேன். எறக்கிவிடறதுக்குள்ள..." மாவுக்கட்டைக் காட்டினாள். "டாக்டர்ட்ட சொல்லுங்க. இப்ப வீட்டுக்கு அனுப்பிச்சா நான் கப்பல் ஏற மாட்டேன். என்னயத் தூக்கிட்டுத்தான் போவணும்."

டாக்டர் கப்ரியேலைப் பார்த்தார்.

இந்த இடத்தில் கப்ரியேல் என்ன நினைத்தார் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்று தலைமுறையாக வெள்ளைக்காரனுக்குச் சமமாக நிற்கப் பாடுபட்ட கூட்டம் அது. அவனைப் போலவே ஓட்டு, அவனைப் போலவே பெயர், அவனைப் போலவே கோட்டு. வீட்டுக்குள் என்ன நாறினாலும் அவன் மூக்குக்குப் போகக்கூடாது என்பது எங்கும் எழுதி வைக்காத சட்டம். ஒரு ஜூல் செய்ததைச் சொன்னால், இந்தியர்கள் எல்லாருமே இப்படித்தான் என்று அறிக்கையில் ஏறிவிடும். மானம் கப்பலேறிவிடும். இப்படித்தான் நினைத்தார். அதற்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது. ஞானம்பாள் சொன்ன செருப்பும் ரவிக்கைத் துணியும் அவருக்குத் தெரிந்த செருப்பு, தெரிந்த துணி. அந்தப் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"போருக்குப் பிறகு கணவருக்கு நரம்புத் தளர்ச்சி என்கிறார். ஒரு முறை கோபத்தில் கை நீண்டுவிட்டது. அவர் மிகவும் வருந்துகிறாராம்" என்று பிரெஞ்சில் சொன்னார்.

"ஆறு நிமிடம் பேசினார். நீங்கள் மூன்று வாக்கியம் தருகிறீர்கள், மிசியே கப்ரியேல்."

"தமிழ் கொஞ்சம் நீளமான பாஷை, மோன் கப்பித்தேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. ஞானம்பாளை அனுப்பிவிட்டு ஜூலின் கோப்பைப் புரட்டினார். "பதினாறு வருட சேவை. ஜப்பானியர் முகாம், பிறகு காட்டுச் சண்டை. ஒரு தண்டனைகூட இல்லை. எனக்கு இடிக்கிறது. போர் உடைத்துப்போட்ட ஆளை நான் பார்த்திருக்கிறேன். கதவு படாரென்று சாத்தினால் நடுங்குவான், எதிரில் நிற்பது சிப்பாயா தளபதியா என்று பார்க்காமல் பாய்வான். இவன் ஒரு மேலதிகாரியைக்கூட முறைத்ததில்லை. யாரை அடிக்கலாம் என்று தெரிந்து அடிக்கிறவனால் போரின் மேல் பழி போட முடியாது. அது அந்த மனிதன் உருவான விதத்திலேயே உள்ள கோளாறு. ஆளுமைக் கோளாறு. கைவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பயத்தை அவன் கையால் காட்டுவான். பாவம், அவனும் சுகப்படுவதில்லை." பேனாவை மூடினார். "போருக்குப் பிறகுதான் என்று மனைவி நிச்சயமாகச் சொன்னாரா?"

"நிச்சயமாக, மோன் கப்பித்தேன்."

"அப்படியானால் மருந்து, ஓய்வு. சனிக்கிழமை வீட்டுக்குப் போகட்டும். அடுத்த வாரம் கப்பல்."

கப்ரியேல் அதை மூன்று பிரதி அடித்தார். அவர் வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. எந்த முகாமிலும் இருந்ததில்லை. பதினெட்டு வருடமாக ஒரே நாற்காலி. பழி போடுவதற்கு அவருக்கு ஒரு போர்கூடக் கிடையாது.

அன்று சாயங்காலம் வீடு பூட்டியிருந்தது. இவோன் பென்தான் என்ற பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள் என்று எதிர் வீட்டில் சொன்னார்கள். தன் சாவியால் திறந்து உள்ளே உட்கார்ந்தார். மழை பிடித்துக்கொண்டது. ஆறு மணி ஆயிற்று. ஆறரை ஆயிற்று. கப்ரியேலுக்கு நெஞ்சுக்குள் அந்தப் பழைய வேலை தொடங்கியது. முதலில் வெறும் பயம்: அவள் வர மாட்டாள். எல்லாரும் கப்பலேறுகிறார்கள், அவளும் போய்விட்டாள். இந்த ஊரில் தனியாக, மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இப்படியே செத்துப்போவோம். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. அடுத்து அந்தப் பயம் கணக்குப் போட ஆரம்பித்தது. மார்க்கெட் நாலரைக்கே காலியாகிவிடும். சிக்ளோ ரிக்‌ஷாவில் வந்தால் இருபது நிமிடம். மிச்ச நேரம் எங்கே போயிற்று? யாரோடு போயிற்று? கதவில் சாவி திரும்பும்போது பயம் போன இடம் தெரியவில்லை. அதன் இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருந்தது.

இவோன் முழுக்க நனைந்து உள்ளே வந்தாள். கையில் பை.

"எங்கடி போயிருந்தே?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

அவள் முதலில் குனிந்து பையைக் கீழே வைத்தாள். பிறகு நிமிர்ந்து, இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு நின்றாள். "மழைங்க. சிக்ளோ கெடைக்கல."

கப்ரியேல் பையைப் பார்த்தார். எத்தனையோ தடவை அவள் இப்படிப் பையை, தட்டை, துணிமூட்டையைக் கீழே வைத்திருக்கிறாள். களைப்பு என்று அவர் நினைத்திருந்தார். அசல் காரணத்தைக் காலையில் ஒருத்தி மாவுக்கட்டோடு வந்து அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதை அவர் பிரெஞ்சில் சொல்லாமல் விட்டார். தமிழில் காதில் விழுந்ததை என்ன செய்வது? அவர் அப்படியே மழையில் இறங்கி, மாதாகோவில் வாசல்வரை நடந்து, உள்ளே போகக் கூச்சப்பட்டுத் திரும்பி வந்தார். இவோன் சோறு எடுத்து வைத்திருந்தாள். அவரைவிட அவள்தான் அதிகம் குழம்பிப்போயிருந்தாள்.

மறுநாள் ஜூல் அவருடைய மேசைக்கு வந்தான். சவரம் செய்து, தலை வாரி, பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தான். கப்ரியேலின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, பெரிய ஒவகாரம் பண்ணிட்டிய. நேத்து நான் தடுப்புக்கு அந்தாண்டதான் உக்காந்திருந்தேன். அவ சொன்னதும் காதுல வுழுந்துச்சு, நீங்க சொன்னதும் வுழுந்துச்சு. நம்மாளு நம்மாளுதாண்ணே." கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. கப்ரியேலுக்குத் தெரியும், அது நடிப்பே இல்லை. பிறகு ஜூலின் குரல் இறங்கியது. "சனிக்கெழம வீட்டுக்குப் போயி அவகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணே. வெள்ளக்காரன்ட்ட எதுக்கு அப்புடியெல்லாம் சொன்னேன்னு. மெதுவாத்தான் கேப்பேன்."

கப்ரியேல் அந்தக் குரலை இதுவரை வெளியிலிருந்து கேட்டதில்லை. தன் தொண்டைக்குள்ளிருந்துதான் கேட்டிருக்கிறார். உள்ளேயிருந்து கேட்கும்போது அது நியாயமான குரலாக இருக்கும். ரொம்பப் பொறுமையான மனுஷனின் குரலாக இருக்கும். இப்போதுதான் தெரிந்தது அது எப்படிக் கேட்கிறது என்று. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

அவர் ஒன்றும் வீரர் இல்லை. காலை முழுக்கச் சாக்குத் தேடினார். மொழிபெயர்ப்பில் பொய் சொன்னேன் என்றால் வேலை போகும். கப்பலுக்கு இடம் வாங்கித் தரும் சிபாரிசுக் கடிதம் போகும். காரைக்கால்காரர்கள் மத்தியில் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் வரும். ஞானம்பாளின் இரண்டு பிள்ளைகளும் வராந்தாவில் அப்பாவைப் பார்க்க வந்து நின்றார்கள். ஜூல் சின்னதைத் தூக்கிக் கொஞ்சினான். பெரியது, ஆறு வயதிருக்கும், தம்பியை அப்பா கீழே விடும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றது. கப்ரியேல் எழுந்து டாக்டர் அறைக் கதவைத் தட்டினார்.

"நேற்று நான் சரியாக மொழிபெயர்க்கவில்லை, மோன் கப்பித்தேன்."

உட்காராமல், கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, ஞானம்பாள் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். மீன்காரன், ஒன்பதாம் நாள், ஒரே மூச்சில் இரண்டு, கீழே வைக்கும் கை. ஆறு நிமிடம் ஆயிற்று. ஜூல் இன்று பேசியதையும் சொன்னார். டாக்டர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் முதலில் சனிக்கிழமை உத்தரவை எடுத்து நடுவில் கிழித்தார். ஜூல் வார்டிலேயே இருப்பான், மனைவியும் பிள்ளைகளும் முதலில் கப்பலேறுவார்கள் என்று வேறு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஏன் மறைத்தீர்கள்?"

மானம், சமூகம் என்று சொல்லத்தான் கப்ரியேல் வாயைத் திறந்தார். "நானும் அப்படித்தான்" என்று வந்தது.

டாக்டர் நாற்காலியைக் காட்டினார். கப்ரியேல் உட்கார்ந்தார்.

"எத்தனை முறை?"

"ஐந்தாறு முறை இருக்கும். பதினெட்டு வருடத்தில்." கொஞ்சம் யோசித்து, "கூட ஒன்றிரண்டு இருக்கலாம்" என்றார்.

"உங்களை நான் பேய் என்று நினைக்கவில்லை, மிசியே கப்ரியேல். உள்ளே பயந்துகொண்டே வாழ்கிறவர். அது தெரிகிறது. இதற்கு ஊசி கிடையாது. வருடக்கணக்கில் பேசிப் பேசித்தான் மாற வேண்டும், அதுவும் என்மேல்தான் தப்பு என்று தானாக வந்து சொல்கிறவனுக்குத்தான் கொஞ்சமாவது வழி உண்டு. ஆனால் உங்கள் கதையை உங்களிடமிருந்து மட்டும் கேட்டால் போதாது. உங்கள் மனைவி வருவாரா? மொழிபெயர்க்க வேறு ஆளைப் பார்க்கிறேன்."

"வேண்டாம்" என்றார் கப்ரியேல். "அவள் கன்னியர் மடத்தில் படித்தவள். என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு பேசுவாள்."

வீட்டில் இதை எப்படிச் சொன்னார் என்பது அவருக்கே பின்னால் நினைவில்லை. இவோன் கேட்டுவிட்டு அடுப்பிலிருந்த உலையை இறக்கி வைத்தாள்.

"நான் என்ன சொல்லணும்?"

"நடந்தத."

"சொல்லிட்டு வந்தப்புறம்?"

"நான் வார்டுல படுத்துக்கறேன் இவோன். டாக்டர் எடம் தர்றேன்னாரு. வீட்டுக்கு வரல."

வெள்ளிக்கிழமை காலை அவள் போனாள். கப்ரியேலை டாக்டர் மருந்துக் கிடங்குக்கு வேறு வேலையாக அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது அவள் போய்விட்டிருந்தாள். மூன்று மணி நேரம் பேசியதாக ஆர்டர்லி சொன்னான்.

சனிக்கிழமை டாக்டர் கையில் தாள்களோடு கப்ரியேலின் மேசைக்கு வந்து தயங்கி நின்றார். "இதை வேறு யாரையாவது அடிக்கச் சொல்லலாம் என்று பார்க்கிறேன்."

"வேறு யாரும் இல்லையே, மோன் கப்பித்தேன். தட்டச்சர்கள் எல்லாம் கப்பலேறிவிட்டார்கள்."

மேலே நோயாளியின் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. கப்ரியேல் மூன்று தாளுக்கு நடுவே இரண்டு கார்பன் வைத்து, தட்டி நேராக்கி, உருளையில் செருகினார். இவோன் சொன்னதை டாக்டர் அவள் வாய்மொழியாகவே எழுதியிருந்தார். அடிக்க அடிக்க, தான் வாழ்ந்த வீடு வேறு ஒரு வீடாக அவருக்குத் தெரிந்தது. அவர் சமாதானமாக நினைத்த மாதங்களில் அவள் தூங்காமல் கிடந்திருக்கிறாள். அவர் வாங்கிக் கொடுத்த பட்டுத்துணிகளை அவள் ஒருநாளும் ஆசையாகத் தொட்டதில்லை. கணவர் உங்களிடம் அன்பாக இருக்கிறாரா என்ற கேள்விக்கு, ஆம், மனைவி யோசிக்காமல் சொன்னார், என்று எழுதியிருந்தது. அந்த வரியில் கப்ரியேல் அழுதுவிட்டார்.

அடுத்த பக்கத்தில் எத்தனை முறை என்ற கேள்வி. டாக்டர் எழுத்தில் நாற்பத்து மூன்று என்று இருந்தது.

அவர் விரல் நின்றுவிட்டது. தப்பு. இவ்வளவு இருக்காது. டாக்டர் காதில் தவறாக விழுந்திருக்கும். தானே எண்ணிப் பார்த்தார். புருவம் கிழிந்த ஈஸ்டர். காரைக்காலில் மாமனார் வீட்டு மாடி. ஜப்பானியர் வந்த வருடம் இரண்டு. கருக்கலைந்த மாதம். ஒன்றைத் தொட்டால் அதன் பின்னாலிருந்து இன்னொன்று எழுந்து வந்தது. பத்தொன்பதோடு அவரால் முடியவில்லை. மிச்சம் இருபத்து நாலை அவர் மறந்தே போயிருந்தார். அவள் ஒவ்வொன்றையும் வைத்திருந்திருக்கிறாள். அரசு அறிக்கையில் எண்ணை எழுத்தாலும் எழுத வேண்டும், இலக்கத்தாலும் எழுத வேண்டும் என்பது விதி. அவர் இரண்டு விதமாகவும் அடித்தார். கார்பன் பிரதியிலும் தெளிவாக விழும்படி அழுத்தி அடித்தார்.

டாக்டரின் பரிந்துரை கடைசியில் இருந்தது: மனைவி தனியாகப் பிரயாணம் செய்ய அனுமதிக்கலாம். கணவர் சிகிச்சையில் இருப்பார். பிறகு சேர்ந்து வாழ்வதும் வாழாததும் மனைவியின் விருப்பம். குடும்பத் தலைவர் சம்மதக் கையெழுத்து என்ற கோட்டின் மேல் கப்ரியேல் கையெழுத்துப் போட்டார்.

பகல் பன்னிரண்டுக்கு இவோன் தன் பிரதியை வாங்க வந்தாள். கூட ஞானம்பாள், இடுப்பில் சின்னப் பிள்ளை. கப்பலில் இருவருக்கும் ஒரே அறை கேட்டிருந்தார்கள். கப்ரியேல் தாள்களை நீட்டினார். இவோன் வாங்கி உறையில் போடவில்லை. மேசைக்கு எதிரிலேயே நின்று, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

அவர் எதையாவது மாற்றியிருக்கிறாரா என்று பார்க்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. ஞானம்பாள் விஷயத்தில் அவர் செய்தது அவளுக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் போனாள். இரண்டாம் பக்கத்தில் அந்த எண் வந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. அவள் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். கப்ரியேல் பார்வையை விலக்கவில்லை. அதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

"கடுதாசி போடலாமா?" என்று கேட்டார்.

"தெரியல. நானா போட்டா போடுவேன்" என்றாள் இவோன்.

கடைசிப் பக்கத்தையும் படித்து முடித்தாள். தாள்களை நாலாக மடித்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றாள்.

பதினெட்டு வருடத்தில் அவர் கொடுத்தவற்றில் அவள் பயமில்லாமல் வாங்கிக்கொண்டது அது ஒன்றைத்தான். ஞானம்பாளின் இடுப்பிலிருந்த பிள்ளையை அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். இருவரும் படியிறங்கிப் போனார்கள்.